செம்பருத்தியின் பெயரும் பிறப்பிடமும்

1753இல் லின்னேயஸ் வெளியிட்ட ‘ஸ்பீசீஸ் பிளான்டாரம்’ நூலில் ஹைபிஸ்கஸ் பேரினத்தின் இரு செடிகள் நாட்டுப் பெயர் பெற்றன: ‘ரோசா-சைனென்சிஸ்’, அதாவது சீன ரோசா, ‘சிரியாக்கஸ்’, அதாவது சிரியாவுக்குரியது. இப்பெயர்களைப் பிறப்பிடச் சான்றாகக் கொள்ள இயலாது. சிரியாக்கஸின் தாயகம் சீனா. வெப்பமண்டலச் செம்பருத்தியாகிய ரோசா-சைனென்சிஸோ நெடுங்காலமாகத் தோட்டச் செடியாகவே அறியப்படுவது.

தட்பவெப்பம் இம்முரணைத் தெளிவாகக் காட்டுகிறது. சீனப் பெயர் கொண்டது பெய்ஜிங்கின் குளிர்காலத்தைத் திறந்தவெளியில் கடக்காது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் வெப்பமூட்டிய கண்ணாடிக் கூடங்களிலேயே அது பிழைத்தது. சிரியப் பெயர் கொண்டதோ சியோலின் உறைபனியில் இலையுதிர்த்து நின்று, கோடையில் மீண்டும் பூக்கிறது. தென் கொரியாவின் தேசிய மலரும் அதுவே.

லின்னேயசுக்கு முன்பே, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ வெப்பமண்டலச் செடியை ‘ஷெம்பரித்தி’ என மலபார் வழக்கிலேயே பதிவு செய்தது. செம்மை, பருத்தி என்னும் சொற்களின் சேர்க்கையான அப்பெயர் எந்த நாட்டையும் சுட்டவில்லை. நிறத்தையும் உறவையும் சுட்டுகிறது. பருத்தியும் செம்பருத்தியும் மால்வேசி என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதே இன்றைய தாவரவியலின் முடிவும்.

அறிவியற்பெயரிலுள்ள நாடு, பெயரிட்டவர் அச்செடியை எந்நாட்டோடு தொடர்புபடுத்தினார் என்பதை உணர்த்தும். அது தோன்றிய நிலத்தை நிறுவாது. ஆகவே பயிர் வரலாறு எழுதுவோர் சொல்லின் வரலாற்றை ஆராய்வதோடு, அச்செடி எக்குளிரைத் தாங்கும், எக்குளிரில் மடியும் என்பதையும் வினவுதல் வேண்டும்.