நடிகையர் திலகம் (திரைப்படம்)

நடிகை சாவித்திரியின் வாழ்க்கையைத் தழுவி நாக் அஸ்வின் இயக்கிய வாழ்க்கை வரலாற்றுப் படம். 'மகாநடி' என்னும் பெயரில் 2018 மே 9 அன்று தெலுங்கிலும், இரு நாள் கழித்துத் தமிழிலும் வெளியானது. சாவித்திரியாக நடித்த கீர்த்தி சுரேஷ் தேசிய விருது பெற்றார். சாவித்திரியின் கணவர் ஜெமினி கணேசனாகத் துல்கர் சல்மான் நடித்தார்.

சாவித்திரியின் குடியை ஒழுக்கக்கேடாக அன்றி, தன்மீதான பிடி நழுவுவதாகவே படம் காட்டுகிறது. இடது கண்ணிலிருந்து மட்டும் இரண்டே சொட்டுக் கண்ணீர் வேண்டும் என்று படப்பிடிப்பில் இயக்குநர் கேட்க, சாவித்திரி கிளிசரின் இல்லாமல் அப்படியே அழுதுகாட்டும் காட்சி இதற்குச் சான்று. உடலை அந்த அளவுக்கு ஆண்டவர், பின்னர் மதுக் கோப்பையை விலக்க முடியாமல் தவிக்கிறார். இந்த வீழ்ச்சிக்கான பழியைப் படம் கணவர்மீது சுமத்துவதாக எதிர்ப்பும் உண்டு. தந்தையைச் சித்திரித்த விதத்தை ஜெமினியின் மகள் கமலா செல்வராஜ் வெளிப்படையாகக் கண்டித்தார். அக்குறை முற்றிலும் பொய்யன்று. மணமுறிவுக்குத் திரைக்கதை தரும் எடை அதிகம்தான். ஆனால் சாவித்திரி தயாரித்து இயக்கிய 'பிராப்தம்' (1971) தந்த நட்டம், கைவிட்டுப்போன சொத்துகள், கணக்குப் பாராத கொடை ஆகியவற்றையும் படம் மறைக்கவில்லை. எனவே ஒற்றைக் காரணம் என்ற குற்றச்சாட்டு முழுதும் நிற்காது. மது உடலைச் சிதைக்கும் விதத்தைத்தான் படம் அவசரமாகக் கடந்துவிடுகிறது. சாவித்திரி ஏறத்தாழ 19 மாதம் நினைவிழந்து கிடந்து, 1981 டிசம்பர் 26 அன்று சென்னையில் காலமானார்.