ஆடுபுலி ஆட்டமும் அதன் களமும்

விளையாட்டுகளைச் சிறுவர்க்குரியன என ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அரசர் போர்களையும் கோயில் கல்வெட்டுகளையும் ஆராயும் வரலாற்றுக் கண், திண்ணையில் கரித்துண்டால் வரையப்பட்ட கோடுகளின்மேல் எளிதில் படிவதில்லை. ஆயினும் ஆடுபுலி ஆட்டத்தின் களத்தைச் சற்று ஊன்றி நோக்குவார்க்கு, அதனை வகுத்தவர் பெயர் தெரியாத பேரறிவினர் என்பது புலனாகும்.

களத்தின் அமைப்பு இது. உச்சியிலுள்ள ஒரு புள்ளியினின்று நான்கு கோடுகள் விரிந்து அடிக்கோட்டை அடையும். அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் மூன்று கோடுகள் முக்கோணத்திற்கு வெளியேயும் இருபுறம் நீளும். அவ்வாறு நீண்ட முனைகளைப் பக்கத்திற்கு ஒரு நிலைக்கோடு இணைக்கும். உச்சி 1, குறுக்குக் கோடுகளில் கோட்டுக்கு 6 ஆக 18, அடிக்கோட்டில் 4 எனக் கூடுதல் 23 சந்திகள். புலிகள் 3, ஆடுகள் 15. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரலாகாது. புலியோ தொடக்கம் முதலே நகரும். அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி, நேர்கோட்டில் அப்பாலுள்ள வெற்றிடத்தில் குதித்து அதனை வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. புலிகள் மூன்றையும் அசைய விடாமல் அடைப்பதே அதன் வெற்றி.

வலிமையில் இத்துணை ஏற்றத்தாழ்வுடைய இரு தரப்பினரைச் சமன்செய்வது எது? எண்ணிக்கை என்பர் பலர். அது பாதி உண்மையே. மீதிப் பாதி கோடுகளில் இருக்கிறது. வெட்டுவதற்கு ஆட்டின் இருபுறமும் ஒரே நேர்கோட்டில் சந்திகள் இருத்தல் வேண்டும் அல்லவா? உச்சிப்புள்ளி, அடிக்கோட்டின் இரு முனைகள், பக்கக் கோடுகளின் நான்கு முனைகள் ஆகிய ஏழு இடங்களிலும் எல்லாக் கோடுகளும் முடிந்துவிடுகின்றன. அங்கு நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட இயலாது. உச்சியைப் பெரும்பாலும் புலி பிடித்துக்கொள்ளும். எஞ்சிய ஆறும் ஆடுகளின் அரண். தேர்ந்த ஆட்டக்காரர் முதல் ஆடுகளை ஓரங்களில் இறக்குவதன் காரணம் இதுவே. ஆனால் ஆறு ஆடுகளை ஒளித்துவைத்த பின்னும் ஒன்பது எஞ்சும். அவை களத்தின் நடுவே வந்தாக வேண்டும். ஓர் ஆட்டின் பின்னிடத்தை மற்றோர் ஆடு நிரப்பி நின்றாலன்றி அவை பிழைப்பதில்லை. ஆட்டத்தின் கடினம் முழுவதும் இந்த ஏழாவது ஆட்டிலிருந்தே தொடங்குகிறது.

புலிப்பக்கம் ஆடுவது தொடக்கக்காரர்க்கு எளிது. ஆட்டுப்பக்கம் ஆடுவதற்கே பொறுமையும் முன்னோக்கும் வேண்டும். சிறுவனிடம் புலியைக் கொடுத்துவிட்டுப் பெரியவர் ஆட்டை எடுத்துக்கொண்டால், விதிகளில் ஒன்றையும் மாற்றாமலே இருவர் திறனும் ஓரளவு ஒத்துவிடும். மாயப் படைகளையும் அரக்கரையும் முறைவைத்து நகர்த்தும் இன்றைய கணினிப் போராட்டங்களில் எளிது, நடுத்தரம், கடினம் எனப் படிநிலைகள் வைத்து, பகைவர் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் காட்டுகின்றனர். பக்கம் மாறி அமர்வதாலேயே படிநிலை அமைந்துவிடும் நம் ஆட்டம் இவ்வகையில் நுட்பம் மிக்கது எனலாம்.

இதே கருத்து பிற நாடுகளில் வேறு களங்களை மேற்கொண்டது. நேபாளத்தின் பாக் சால் 25 சந்திகள் கொண்ட சதுரக் களத்தில் 4 புலிகளுடனும் 20 ஆடுகளுடனும் ஆடப்படுவது. அங்கே மூலைவிட்டக் கோடுகளும் உண்டு. ஆகவே நடுப்புள்ளியில் நிற்கும் புலிக்கு எட்டு வழிகள். நம் களத்திலோ எந்தப் புள்ளிக்கும் நான்குக்கு மேல் வழியில்லை. எட்டு வழியை அடைக்க ஆடுகள் மிகுதியாக வேண்டும் என்பதை இருபது என்னும் எண் காட்டுகிறது. ஆடுகள் அனைத்தும் இறங்கியபின் ஒன்றும் வெட்டுப்படாதிருந்தால் நேபாளக் களத்தில் ஒரேயொரு வெற்றிடமே எஞ்சும். நம் களத்தில் ஐந்து எஞ்சும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்து லிம் யூ ஜின், நீவர்கெல்ட் என்பாருடன் சேர்ந்து பாக் சாலைக் கணினி கொண்டு ஆராய்ந்து, இருவரும் பிழையின்றி ஆடின் வெற்றி தோல்வி இராது என நிறுவினார்.

மலாய் மக்களின் ரிமாவ் ஆட்டம் நம் அண்டை வீட்டுச் செல்வம். அதன் நடுவே நேபாளத்தைப் போன்ற சதுரம். அதன் எதிரெதிர்ப் பக்கங்களில் இரு முக்கோணங்கள். ஒன்றிரண்டு புலிகளை எதிர்த்து அங்கே நிற்போர் ஆடுகள் அல்லர், மனிதர்கள்! மலாயாக் காட்டின் ஓரத்தில் வாழ்ந்தோர்க்குப் புலி கதையில் மட்டும் வந்த விலங்கன்று என்பதை எண்ணின் இதில் வியப்பில்லை. ஸ்பெயின் மன்னர் பத்தாம் அல்போன்சோ 1283இல் எழுதுவித்த விளையாட்டு நூலிலும், இதே சதுரக் களத்தில் ஒரு முயலைப் பலர் வளைக்கும் ஆட்டம் காணப்படுகிறது. எவர் எவரிடமிருந்து பெற்றனர் என்று அறுதியிடுவது அரிது. நமக்கே உரியது என்று மார்தட்டுவதைவிடக் களங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதே பயனுடையது.

பழைமையைக் காட்டத் தமிழகக் கோயில் மண்டபங்களின் தரைக்கற்களில் பொறித்த களங்களைச் சான்றாகக் கூறுவர். அவை உண்மையே, ஆயினும் கோயிலின் காலமே களத்தின் காலமும் என்று கொள்ளுதல் தவறு. கட்டிப் பல நூற்றாண்டு கழிந்தபின் வந்து அமர்ந்த ஒருவரும் உளி கொண்டு அதனைச் செதுக்கியிருக்கலாம். அன்றியும் கல் கோடுகளைக் காட்டுமேயன்றி, புலி முதலில் எங்கே அமர்ந்தது என்பதைச் சொல்லாது.

1800இல் கெடாவிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற செபராங் பிறை நிலத்தில் முதலில் கரும்பும் பின்னர் ரப்பரும் செழித்தன. அத்தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தின் பேரில் வந்த தமிழரிடம் மூட்டை முடிச்சுகள் குறைவு. ஒப்பந்த முறை 1910இல் நின்றது. கங்காணி முறை 1938இல் நின்றது. இவ்வாட்டத்திற்கோ பொருள் எதுவும் வேண்டியதில்லை. ஒரு கரித்துண்டு, மூன்று கூழாங்கற்கள், பதினைந்து புளியங்கொட்டைகள் போதும். லயத்துத் திண்ணையும் சிமெண்டுத் தரையும் களமாகும். மழைச்சாரல் அடித்தால் களம் அழியும், மறுநாள் மீண்டும் வரையப்படும்.

அழிந்த களத்தை மீண்டும் வரையும் கைகள் குறைந்து வருகின்றன. ஜுருவில் இன்று நெடுஞ்சாலையும் தொழிற்கூடங்களும் வீடமைப்புப் பகுதிகளும் பெருகிவிட்டன. புலிகளின் தொடக்க இருக்கை ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்தது. மூன்றையும் ஒருங்கே வைப்போரும், மாறி மாறி இறக்குவோரும் இருந்தனர். ஏழாவது ஆட்டின் கடினம் இதனைப் பொறுத்து வெகுவாக மாறும். ஜுரு வட்டாரத்துத் தோட்டங்களினின்று வந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே, எந்தத் தோட்டத்தில் எவ்வாறு புலி வைத்தனர் என்பதை அவர்கள் வாய்மொழியாகக் கேட்டு, களத்தை அவர்கள் கையாலேயே தாளில் வரைவித்து, ஊர்ப்பெயருடன் பள்ளி நூலகங்களில் சேர்த்துவைக்கலாம். ஐந்தாம் ஆறாம் வகுப்பு மாணவரே செய்யக்கூடிய பணி இது.