கட்டாயப் பிணையும் 2020 பொதுமுடக்கத் தீர்ப்புகளும்

கைதானவர் சிறையில் இருக்கும்போது காவல்துறை 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். மரணம், ஆயுள், 10 ஆண்டுக்குக் குறையாத சிறை ஆகிய தண்டனைகளுக்குரிய குற்றங்களுக்குக் கெடு 90 நாட்கள். கெடு தவறினால், பிணை கொடுக்க முன்வருபவரை விடுவித்தாக வேண்டும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2) பிரிவு வழங்கிய இவ்வுரிமையே கட்டாயப் பிணை.

கொரோனா பரவியபோது, வழக்குத் தொடுப்பதற்கான கால வரம்புகளை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 23 அன்று நீட்டித்தது. இது காவல்துறைக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. பொருந்தாது என மே 8 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். மே 11 அன்று நீதிபதி ஜி. ஜெயச்சந்திரன் இதற்கு மாறாக, சமயநல்லூர் காவல் நிலைய வழக்கொன்றில் 73 நாட்களுக்கு மேல் சிறையிலிருந்தவருக்குப் பிணை மறுத்தார்.

ஜூன் 19 அன்று நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு முதல் தீர்ப்பே சரி என்றது. பொதுமுடக்கம் நெருக்கடி நிலைக்கு ஒப்பாகாது, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையை அது பறிக்காது என்றும் விளக்கியது.

2024 ஜூலை 1 முதல் இவ்வுரிமை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(3) பிரிவில் தொடர்கிறது. கோவையானாலும் மதுரையானாலும், கெடு முடிந்தபின் குற்றப்பத்திரிகை வருமுன் கேட்பவருக்கே இது கிடைக்கும்.