சிலாவத்துறையும் நீதிக் கவிதை மரபும்

ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோன் அவர்தம் கவிதையை ஒதுக்கிவிடல் இயலாது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் அடிமைகளாய் வாழ்ந்த காலத்தில் அவர்களது துயரையும் நம்பிக்கையையும் தாங்கி நின்றவை வயலிலும் வழிபாட்டிலும் எழுந்த பாடல்களே. 1920களில் நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில் லாங்ஸ்டன் ஹியூஸ் முதலியோர் அம்மரபிலிருந்தே தமது கவிதையை வளர்த்தெடுத்தனர்.

அக்குரல் தமிழுக்கும் எட்டியது. கறுப்பின எழுத்துக்களை இந்திரன் தமிழாக்கித் தந்த 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்' 1982இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டில் எம். ஏ. நுஃமானின் 'பலஸ்தீனக் கவிதைகள்' வெளிவந்தது. ஈழத்து வாசகருக்கு இவை அயலார் கதையாகத் தோன்றவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் தென்னிலங்கைத் தமிழர் தாக்கப்பட்டனர். நுஃமானின் 'புத்தரின் படுகொலை', சேரனின் 'இரண்டாவது சூரிய உதயம்', 1985இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பு ஆகியன இக்காலத்தின் சாட்சிகள். கல்முனைக்குடியில் பிறந்த முஸ்லிம் கவிஞர் ஒருவர் யாழ்ப்பாண நூலகத்தின் அழிவைத் தன் இழப்பாகவே பாடினார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஒன்பது ஆண்டுகளின் பின் இம்மரபுக்கு ஒரு சோதனை நேர்ந்தது. அதனை விளங்கிக்கொள்ளச் சிலாவத்துறைக்குச் செல்லுதல் வேண்டும்.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, முசலிப் பிரிவின் கரையோரத்தில் அமைந்தது இவ்வூர். முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்னும் சொல்லிலிருந்தே இதன் பெயர் பிறந்தது என்பர். அருகேயுள்ள அரிப்பில், ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடக் கட்டிய மாளிகையின் இடிபாடுகள் உள. இக்கரையில் கீழக்கரை முஸ்லிம்களும் பரதவக் கத்தோலிக்கரும் அராபியரும் ஒரே கடலில் மூழ்கினர். 1905ஆம் ஆண்டளவில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு சுழியோடிகளுக்கும் உரியதாயிற்று. ஆழத்தில் இறங்கியவனின் உயிரோ மேலே கயிறு பிடித்து நின்றவன் கையில் இருந்தது. அக்கயிற்றை மைத்துனனே பிடித்தல் வேண்டும் என முத்துக்குளிப்போரிடையே ஒரு வழக்கு உண்டு. நம்பிக்கையின்றி அத்தொழில் இல்லை.

1990 ஒக்டோபரில் அக்கயிறு அறுந்தது. வட மாகாண முஸ்லிம்கள் யாவரும் வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். யாழ்ப்பாணத்தவருக்குச் சில மணி நேரமும் மன்னாரவருக்குச் சில நாள்களுமே கிடைத்தன. 70,000க்கும் மேற்பட்டோர் வேரறுக்கப்பட்டனர். மன்னார்த் தீவினர் படகுகளில் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். புத்தளத்து ஓலைக் குடிசைகளில் ஒரு தலைமுறையே வளர்ந்தது.

அநீதிக்கு எதிராகக் குரல் எழுப்பிய கவிதை இதற்கு என்ன மறுமொழி கூறியது? வ. ஐ. ச. ஜெயபாலன் போன்ற சிலர் வெளிப்படையாகக் கண்டித்தனர். முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட முல்லை முஸ்ரிபா, இழந்த நிலத்தைத் தம் கவிதையின் பொருளாக்கினார். அவரது தொகுதி ஒன்றின் பெயரே 'அவாவுறும் நிலம்'. எனினும் 1983ஐப் பாடிய அளவுக்கு 1990ஐத் தமிழ்க் கவிதை பாடவில்லை என்பதே எமது துணிபு. பிறர் நமக்கு இழைத்த தீங்கைப் பாடுதல் எளிது. நம் பெயரால் அயலவருக்கு இழைக்கப்பட்டதைப் பாடுதல் அரிது. ஹார்லெமின் குரலை நம் குரலாகக் கொண்ட நாம், அடுத்த தெருவின் அழுகையைக் கேளாதிருந்தோமெனின், அக்கவிதைகளை நாம் முற்றாகக் கற்றோமென்று கூறல் பொருந்துமா?

துயரம் 1990உடன் முடியவுமில்லை. 2007இல் அரச படைகள் சிலாவத்துறையைக் கைப்பற்றிய பின், மக்களின் காணிகளில் கடற்படை முகாம் எழுந்தது. 2009இல் போர் ஓய்ந்தபின் திரும்பியோருள் பலர் தம் வீட்டு நிலத்தை வேலிக்கு வெளியே நின்றே நோக்கினர். 2019இல் காணிகளை விடுவிக்கக் கோரி அவர்கள் தொடர் போராட்டம் நடத்தினர். முப்பதாண்டளவு கடந்தும் தம் துறையைக் கைவிடாத அவ்வுறுதியைக் காட்டிலும் நம்பிக்கைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வரலாற்று மாணவனுக்கு எழுதப்பட்ட கவிதை ஓர் ஆதாரம். எழுதப்படாத கவிதையும் ஓர் ஆதாரமே. அவ்வெற்றிடத்தை நிரப்பும் கடமை எமது தலைமுறையைச் சார்ந்தது. அறுந்த கயிற்றை மீண்டும் முடிய வேண்டியவர் அதன் மேல்முனையைப் பிடித்திருந்தவரே.