தமிழ்த் தாலாட்டின் வரலாறு

தாலாட்டு என்பது குழந்தையைத் தொட்டிலிலோ சேலைத் தூளியிலோ இட்டு, ஆட்டிக்கொண்டே பாடித் தூங்கவைக்கும் பாட்டு. 'தால்' என்பதற்கு நாக்கு என்று பொருள். நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு எனப் பெயர் வந்தது என்பர். ஓராட்டு, ஆராட்டு, தாராட்டு என்றும் இது வழங்கும்.

பக்தி இலக்கியத்தில்

பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்துக் கண்ணனைத் தாலாட்டினார். அப்பதிகத்தில் தேவர்கள் குழந்தைக்குத் தொட்டிலும் அணிகலன்களும் அனுப்புகின்றனர். தாய்மாமன் கொண்டுவரும் சீரைப் பாடும் வீட்டுத் தாலாட்டின் சாயல் இதில் தெரிகிறது.

குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் இராமனுக்கு ஒரு தாலாட்டு உண்டு. அதற்கு முந்திய பதிகம் தேவகியின் புலம்பல். பெற்ற இரவே பிள்ளையைப் பிரிந்த அவள், தாலாட்டும் பேறு தனக்குக் கிட்டவில்லையே என்று வருந்துகிறாள். தாலாட்டு குழந்தையின் தேவை மட்டுமன்று, தாயின் உரிமையும் ஆகும் என்பதை இப்பதிகம் காட்டுகிறது.

பிள்ளைத்தமிழில்

பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் தனிச் சிற்றிலக்கியமாக வளர்ந்தது. அதன் பத்துப் பருவங்களுள் மூன்றாவது தாலப் பருவம். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீதும், 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சி மீதும் பிள்ளைத்தமிழ் பாடினர். தாயின் வாய்மொழிப் பாட்டு இவ்வாறு அரசவைக்கும் கோயிலுக்கும் சென்றது. பாடிய புலவர்களின் பெயர்கள் நிலைத்தன. அவர்களுக்கு முன்னோடிகளான தாய்மாரின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை.

நாட்டார் வழக்கில்

வீட்டுத் தாலாட்டில் தாய் தன் கதையையும் பாடுவாள். அழும் குழந்தையிடம் உன்னை அடித்தது யார் என்று கேட்டு, அத்தை, பாட்டி, மாமன் என உறவுகளை ஒவ்வொன்றாக அடுக்குவாள். பிறந்த வீட்டுப் பெருமை, புகுந்த வீட்டு மனத்தாங்கல், பிள்ளையில்லாமல் தவமிருந்த காலம் ஆகியவையும் இடம்பெறும். மாமியார் முன் வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் தூளியருகே பாட முடிந்தது. குழந்தைக்குச் சொற்கள் புரியவேண்டியதில்லை. கேட்கவேண்டிய பெரியவர்களுக்கு அவை புரிந்தன.

20ஆம் நூற்றாண்டில் நா. வானமாமலை முதலிய ஆய்வாளர்கள் இப்பாடல்களைத் திரட்டி அச்சிட்டனர். பாரதிதாசன் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் தனித்தனியே தாலாட்டு எழுதினார். பெண் குழந்தைக்கான பாட்டில் மூடநம்பிக்கை எதிர்ப்பு இடம்பெற்றது. பழைய வடிவம் சீர்திருத்தக் கருத்துக்கும் பயன்பட்டது.

இசையும் குழந்தையும்

தாலாட்டின் மெட்டு எளியது. குறைந்த சுரங்களுக்குள் ஏறி இறங்கும். ஒரே அடி திரும்பத் திரும்ப வரும். தாளம் தூளியின் ஆட்டத்தோடு சேர்ந்து நடக்கும். கருநாடக இசையில் நீலாம்பரி, நவரோஜ் ஆகிய இராகங்கள் தாலாட்டுக்குப் பெயர் பெற்றவை.

கருவிலேயே குழந்தைக்குத் தாயின் குரல் கேட்கிறது. 1980இல் அமெரிக்க உளவியலாளர்கள் டிகாஸ்பரும் ஃபைஃபரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிறந்து மூன்று நாள்களுக்குள்ளான குழந்தைகள், பிற பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்பதற்கேற்பச் சூப்பானைச் சப்பும் முறையை மாற்றிக்கொண்டதை அவர்கள் கண்டனர்.

இன்று கைப்பேசியில் தாலாட்டுப் பதிவுகள் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் பிள்ளையின் கண் செருகுவதைக் கண்டு குரலைத் தாழ்த்தவோ, அது சிணுங்கினால் விட்ட அடியிலிருந்து மீண்டும் தொடங்கவோ பதிவால் இயலாது. பெயரறியாத தாய்மார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது இதைத்தான்.