தகர டப்பாவும் உப்புக் காற்றும்: கேபினட், ஃபேன், எஸ்.எம்.பி.எஸ் – ஒரு சின்ன வரலாறு

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது என்ன? ப்ராசஸர் என்ன வேகம், ராம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எத்தனை ஜி.பி.! கேபினட் என்று வந்தால் கறுப்பா வெள்ளையா, முன்னால் நீல விளக்கு எரியுமா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எஸ்.எம்.பி.எஸ் பற்றி வாய் திறப்பவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் சுவரில் வரும் கரண்டை மதர்போர்டுக்குத் தேவையான அளவில் மாற்றித் தருவது அதுதான். அது கெட்டால் தான் மட்டும் கெடாது, சில சமயம் கூட இருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

இந்த மூன்று சாமான்களையும் (கேபினட், ப்ராசஸர் ஃபேன், எஸ்.எம்.பி.எஸ்) எப்படித் தரம் பார்ப்பது என்பதற்கே ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தைவானிலும் நடந்தது. ஆனால் அங்கே எழுதிய பரீட்சையில் பாஸானது எல்லாம் நம் கடற்கரையிலும் பாஸாகுமா? டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய பழவேற்காட்டில், ஏரிக்கும் கடலுக்கும் அருகே இருக்கும் மீனவ ஊர் கோட்டைக்குப்பம். அப்படி ஓர் ஊரில் ஒரு பொட்டியை வைத்துப் பார்த்தால் இந்த வரலாறு வேறு மாதிரி தெரிகிறது.

60 வாட் பல்பு அளவில் ஆரம்பம்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டபோது அதன் பவர் சப்ளை வெறும் 63.5 வாட். ஒரு பழைய குண்டு பல்பு அளவுதான்! 1983-ல் வந்த எக்ஸ்.டி. மாடலில் அது 130 வாட் ஆனது, 1984-ன் ஏ.டி. மாடலில் 192 வாட். அந்த நாட்களில் ப்ராசஸருக்கு என்று தனி ஃபேன் கிடையாது. பவர் சப்ளையில் இருக்கும் ஒரே ஃபேன் மொத்தப் பொட்டியின் சூட்டையும் வெளியே தள்ளிவிடும்.

1993-ல் பென்டியம் வந்தது. சுமார் 15 வாட் சூடு, தலையில் ஹீட் சிங்க்கும் ஃபேனும் இல்லாமல் முடியாது என்ற நிலை. 1995-ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவு முறையைக் கொண்டுவந்தது. மதர்போர்டு, கேபினட், பவர் சப்ளை மூன்றும் யார் தயாரித்தாலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதே அதன் சாரம். இன்று வரை அசெம்பிள் செய்பவர்கள் பிழைப்பது அந்த ஏற்பாட்டை வைத்துத்தான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டின் கணக்கு

நம் பக்கம் வருவோம். 1984 நவம்பரில் மத்திய அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதியைத் தளர்த்தியது. 1991-ல் பொருளாதாரத் தாராளமயம். 1997-ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது, 2005-க்குள் கம்ப்யூட்டர் சாமான்கள் பலவற்றுக்கும் சுங்கவரி படிப்படியாகப் பூஜ்யத்துக்கு வந்தது.

இதன் பலன் சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. ரேடியோ, டிரான்சிஸ்டர் உதிரி பாகங்கள் விற்ற ரிச்சி ஸ்ட்ரீட், அசெம்பிள்டு கம்ப்யூட்டர்களின் தலைநகரானது. கம்பெனி கம்ப்யூட்டர் வாங்க முடியாத குடும்பங்கள் இங்கே வந்தன. ஜெப்ரானிக்ஸ் பெயரில் கேபினட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் விற்றுப் பெரிதான நிறுவனமும் 1997-ல் சென்னையில் தொடங்கப்பட்டதுதான்.

ஆனால் இந்தச் சந்தையில் ஒரு பழக்கம் வேரூன்றியது. கேபினட் வாங்கினால் எஸ்.எம்.பி.எஸ் அதற்குள்ளேயே மாட்டி வரும். கொட்டேஷனில் அது தனி வரியாகக்கூட இருக்காது. விலையை இறக்க வேண்டும் என்றால் கடைக்காரர் கை வைப்பதும் அங்கேதான். ப்ராசஸரைக் குறைத்தால் வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார், எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் குறைத்தால் யாருக்குத் தெரியும்? லேபிளில் 400 வாட் என்று போட்டிருக்கும். உள்ளே அது இருக்கிறதா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்! விவரம் தெரிந்தவர்கள் கையில் தூக்கி, கனம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான் பரிசோதனை.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது பழகிய கதை. ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது. விற்பவருக்குத் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அப்போது வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் தரமாட்டார், நல்ல சரக்கு வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, கடைசியில் மட்டமான சரக்கே மிஞ்சும். (அதே கட்டுரையில் இந்தியக் கடன் சந்தையையும் அவர் உதாரணம் காட்டியிருக்கிறார். 2001-ல் இவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.) எஸ்.எம்.பி.எஸ் சந்தையில் பழைய காரில் இருக்கும் வசதிகூட இல்லை. காரை ஓட்டியாவது பார்க்கலாம்!

பரீட்சை வைக்க ஆரம்பித்தார்கள்

2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தது. அதற்காகவே பவர் சப்ளையில் 12 வோல்ட்டுக்கு நான்கு முனை கொண்ட தனி இணைப்பு சேர்க்கப்பட்டது. 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் குழுவினர் ஒரு வீடியோ வெளியிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸரின் ஹீட் சிங்க்கைக் கழற்றினால் என்ன ஆகும்? பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. அன்றைய ஏ.எம்.டி. அத்லான் சில நொடிகளில் புகைந்துபோனது. ஃபேன் என்பது அலங்காரம் இல்லை என்று பலருக்கும் உறைத்தது அப்போதுதான்.

2004-ல் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4 சிலவற்றின் சூடு 115 வாட் வரை போனது. அதே காலத்தில் இன்னொரு தலைவலி. சுமார் 1999-லிருந்து 2007 வரை விற்ற பல மதர்போர்டுகளிலும் பவர் சப்ளைகளிலும் மட்டமான கெப்பாசிட்டர்கள் வீங்கி வெடித்தன. டெல் நிறுவனம் மட்டும் 2005-ல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது.

இதற்குப் பிறகுதான் தரம் பார்ப்பது ஒரு முறையாக மாறியது. பவர் சப்ளைக்குச் செயற்கையாகப் பாரம் கொடுத்து, லேபிளில் போட்ட வாட்டை உண்மையிலேயே தருகிறதா என்று அளந்தார்கள். 2004-ல் 80 பிளஸ் முத்திரை அறிமுகமானது. 20, 50, 100 விழுக்காடு பாரத்தில் குறைந்தது 80 விழுக்காடு செயல்திறன் இருக்க வேண்டும் என்பது விதி. 2008-ல் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற படிகள் சேர்ந்தன. ஏகர்லாஃப் சொன்ன நோய்க்கு இந்த முத்திரை ஒரு மருந்துதான். கண்ணுக்குத் தெரியாத தரம் கொஞ்சமாவது தெரிய ஆரம்பித்தது.

செயல்திறன் என்றால் என்ன லாபம்? ஒரு கம்ப்யூட்டருக்கு உள்ளே 150 வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 65 விழுக்காடு எஸ்.எம்.பி.எஸ் சுவரிலிருந்து சுமார் 231 வாட் இழுக்கும், 80 விழுக்காடு என்றால் 187.5 வாட். வித்தியாசம் 43 வாட். தினம் எட்டு மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு ஏறக்குறைய 126 யூனிட்! அந்த 43 வாட்டும் சூடாகி அதே டப்பாவைத்தான் கொதிக்க வைக்கிறது.

23 டிகிரி அறையும் நம் மே மாதமும்

இங்கேதான் சிக்கல். 80 பிளஸ் பரிசோதனை நடப்பது 23 டிகிரியை ஒட்டிய அறை வெப்பத்தில். மின்சாரமோ அமெரிக்க வீடுகளில் வரும் 115 வோல்ட். 2000-களின் நடுவில் இன்டெல் கேபினட் தயாரிப்பாளர்களுக்குத் தந்த வழிகாட்டி கொஞ்சம் பரவாயில்லை. வெளியே 35 டிகிரி இருக்கும்போது ப்ராசஸர் ஃபேனுக்கு வரும் காற்று 38-ஐத் தாண்டக் கூடாது என்றது. பக்கவாட்டு மூடியில் புனல் வைத்த கேபினட்டுகள் கடைகளில் நிறைந்தது இதனால்தான். ஆனால் 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் பதிவான வெப்பம் 45 டிகிரி! ஏ.சி. இல்லாத வீட்டில் அந்த 35 டிகிரிக் கணக்கு எப்படி நிற்கும்?

கெப்பாசிட்டருக்கு ஒரு பொதுவான கணக்கு உண்டு: சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. 105 டிகிரியில் 2000 மணி நேரம் உழைக்கும் கெப்பாசிட்டர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். அதுவே 85 டிகிரி ரகம் என்றால் 8000 மணி நேரம்தான். தினம் எட்டு மணி நேரம் என்று வைத்தால் முதலாவது கிட்டத்தட்ட 11 வருடம், இரண்டாவது மூன்று வருடம்கூட இல்லை. வெளியே பார்க்க இரண்டும் ஒரே டப்பா.

உப்பு

சூட்டைவிட மோசமான எதிரி கடற்கரையில் இருக்கிறது. கடல் காற்றில் மிதக்கும் நுண்ணிய உப்பை ஃபேன் தானே இழுத்து உள்ளே கொண்டுவந்து படிய வைக்கும். காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு தண்ணீரை உறிஞ்சிக் கரைய ஆரம்பித்துவிடும். கடலோரத்தில் இரவிலும் அதிகாலையிலும் இது சர்வசாதாரணம். அப்படி நனைந்த உப்புப் படலம் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும்.

கேபினட்டின் தகடு துத்தநாகப் பூச்சுப் பூசிய இரும்புதான். ஆனால் வெட்டிய ஓரங்களிலும் திருகு ஓட்டைகளிலும் பூச்சு இருக்காது, துரு ஆரம்பிப்பது அங்கிருந்துதான். செம்பும் அலுமினியமும் சேர்ந்த ஹீட் சிங்க் கடையில் வைத்துப் பார்த்தால் உசத்தி. உப்பு ஈரம் பட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை நடந்து அலுமினியம் அரிபடும்.

இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொல்லும் இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (செக்ரி) 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் செயல்படத் தொடங்கியது. மண்டபத்தில் உள்ள அதன் சோதனை நிலையத்தில் உலோகத் தகடுகளையும் பூச்சுகளையும் கடற்காற்றில் வைத்து எவ்வளவு அரிக்கிறது என்று அளக்கிறார்கள். பாலத்துக்கும் கப்பலுக்கும் செய்கிற இந்த யோசனை ஒரு கம்ப்யூட்டர் டப்பாவுக்கும் பொருந்தும்தானே?

கரண்ட் கட் காலம்

2008-ல் தொடங்கி 2013 வரை தமிழ்நாடு மின்வெட்டில் தவித்தது. 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால், வெளி மாவட்டங்கள் பலவற்றில் பத்து மணி நேரத்துக்கும் மேல். இத்தனைக்கும் வட சென்னை அனல் மின் நிலையமும் வல்லூர் அனல் மின் நிலையமும் இருப்பது எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான்!

யூ.பி.எஸ் இல்லாமல் கம்ப்யூட்டர் இல்லை என்று ஆனது. 1984-ல் சென்னையில் பிறந்த நியூமெரிக் இந்தத் தேவையில் வளர்ந்து, 2012-ல் பிரான்சின் லெக்ராண்ட் கைக்குப் போனது. ஆனால் யூ.பி.எஸ் இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் தரம் முக்கியம். கரண்ட் போனதும் சாதாரண யூ.பி.எஸ் பேட்டரிக்கு மாற சில மில்லி நொடிகள் பிடிக்கும். அதுவரை எஸ்.எம்.பி.எஸ் தன் கெப்பாசிட்டரில் உள்ளதை வைத்துத் தாக்குப்பிடிக்க வேண்டும். ஏ.டி.எக்ஸ். வழிகாட்டி கேட்டது குறைந்தது 16 மில்லி நொடி. கெப்பாசிட்டரில் மிச்சம் பிடித்த டப்பா அதற்குள் விழுந்துவிடும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். பழி மட்டும் யூ.பி.எஸ் மேல்!

கணக்கைக் கூட்டினால்

இன்று நிலைமை மாறியிருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகத் தேர்ந்தெடுத்து வாங்குகிறார்கள், 230 வோல்ட்டுக்கும் தனியாக 80 பிளஸ் அளவு வந்துவிட்டது. அதே சமயம் பசியும் கூடிவிட்டது. 2022-ல் வந்த ஐ9 13900கே ப்ராசஸர் 253 வாட் வரையும், அதே வருடத்து ஆர்.டி.எக்ஸ். 4090 கிராஃபிக்ஸ் கார்டு 450 வாட்டும் கேட்டன. அந்தக் கார்டின் இணைப்பு முனை சிலருக்கு உருகியே போனது.

ஆனால் 80 பிளஸ் முத்திரை பதில் சொல்லாத கேள்விகள் உண்டு. 40 டிகிரியில் எவ்வளவு தாங்கும்? இரண்டு மழைக்காலம் கடற்காற்றில் நின்றால் திருகு கழலுமா? வோல்டேஜ் இறங்கி ஏறினால் என்ன ஆகும்? கோட்டைக்குப்பத்தில் கடன் வாங்கிப் பிள்ளைக்குப் பொட்டி வாங்கும் குடும்பத்துக்கு இவைதான் முதல் கேள்விகள். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்த எஸ்.எம்.பி.எஸ் மதர்போர்டையும் கொண்டுபோனால், பொன்னேரி வழியாக ரிச்சி ஸ்ட்ரீட் போய் வரும் ஒரு நாள் கூலியும் சேர்ந்து போகிறது.

எனவே கடலோரத்துக்குப் பொட்டி கட்டுபவர் செலவழிக்க வேண்டிய வரிசை கொஞ்சம் தலைகீழ். ப்ராசஸரில் ஒரு படி இறங்கினாலும் நஷ்டமில்லை: சூடும் குறையும். அதில் மிஞ்சுவதை 105 டிகிரி கெப்பாசிட்டர் போட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் கொடுக்கலாம். கேபினட்டில் கண்ணாடியையும் விளக்கையும் விட்டு, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலையையும் ஓரம் மடித்த தகட்டையும் பார்க்கலாம். ஹீட் சிங்க் நிக்கல் பூச்சோடு கிடைத்தால் நல்லது. மாதம் ஒரு முறை கரண்டை நிறுத்திவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் உப்புத் தூசியைத் தட்டிவிட்டால் இன்னும் நல்லது. அந்தப் பிரஷ்ஷுக்கு எந்த முத்திரையும் தேவையில்லை!