35 வினாடி தாமதம்

2011 ஏப்ரல் 27, வேட்புமனுத் தாக்கல் நாள். சிங்கப்பூரில் அதற்கு ஒதுக்கப்படுவது ஒரே ஒரு மணி நேரம்: காலை 11 முதல் நண்பகல் 12 வரை. தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் லீ குவான் இயூ தலைமையிலான மக்கள் செயல் கட்சி அணியை எதிர்க்க, இங் டெக் சியோங் தலைமையில் ஐந்து சுயேச்சைகள் வந்தனர். மனுவைக் கொடுத்தபோது 12 மணி கடந்து 35 வினாடி. மனு ஏற்கப்படவில்லை.

நாடு முழுவதும் 87 இடங்களில் 82-க்குப் போட்டி நடந்தது. மிஞ்சிய ஐந்தும் தஞ்சோங் பகாரின் இடங்கள்தான்.

குழுத்தொகுதிக்கு எழுத்து வேலை அதிகம். முன்மொழிபவர், வழிமொழிபவர் தவிர, குறைந்தது நால்வர் ஆதரித்துக் கையெழுத்திட வேண்டும். எல்லாரும் அத்தொகுதி வாக்காளர்கள். அரசியல் நன்கொடைச் சான்றிதழ் தேவை. 1988-இல் குழுத்தொகுதி முறை வந்தபின், ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். அதற்கும் சான்றிதழ் உண்டு. அன்று லீயின் அணியில் இந்திராணி ராஜா இருந்தார். வைப்புத்தொகை ஆளுக்கு 16,000 வெள்ளி, ஐவருக்கு 80,000. இவ்வளவையும் திரட்டிவிட்டு, அரை நிமிடத்தில் கோட்டை விடுவது எளிதில் ஆறும் வலியா?

ஆனால் உண்மையான இழப்பு வாக்காளருக்கு. 1991-இல் உருவான அக்குழுத்தொகுதியில் 1997, 2001, 2006 தேர்தல்களிலும் போட்டியே இல்லை. லீ 2015 மார்ச்சில் காலமானார். அவ்வாண்டு செப்டம்பர் 11-இல்தான் அங்கு முதன்முறையாக வாக்குப்பதிவு நடந்தது. மக்கள் செயல் கட்சி 77 விழுக்காட்டுக்கும் அதிகமான வாக்குகளுடன் வென்றது.